பக்கத்தில் இருப்பவரின் பாரம்

இட்லி சாப்பிட்டுக் கழுவிய கையின் ஈரம் காய்வதற்குள், "இந்த வீட்டுல எனக்குச் சோறே போடுறதில்ல" என்று பக்கத்து வீட்டாரிடம் முறையிடுகிறார் மாமியார். வளையலைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தவரும் அவர்தான், மருமகள் எடுத்துவிட்டாள் என்பவரும் அவர்தான். பேசுவது நோய் என்று மருத்துவர் விளக்கியிருக்கிறார். ஆனாலும் காதில் விழுவது மாமியாரின் குரல்தானே!

டிமென்ஷியா எனும் மறதி நோயுடன் இந்தியாவில் 60 வயதைக் கடந்த சுமார் 88 லட்சம் பேர் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களைப் பார்த்துக்கொள்வது குடும்பம் என்கிறோம். பெரும்பாலான வீடுகளில் அது ஒரே ஒரு பெண்.

உயிரோடு இருப்பவருக்காக அழுவது

அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இந்தத் துயரத்தைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், நம்மை அறிந்த மனிதரைக் காணோம். சாவு வீடென்றால் துக்கம் கேட்க ஊரே வரும். இங்கே யாரும் வருவதில்லை. அழுதால், "அதான் நல்லா இருக்காங்களே" என்பார்கள்.

கத்திவிட்ட பிறகு

ஒரே கேள்வியை இருபதாவது முறை கேட்டால் யாருக்கும் குரல் உயரும். கேட்டவர் அதை மறந்துவிடுவார். கத்தியவருக்குத்தான் இரவெல்லாம் உறுத்தும். இது பாசக்குறைவு அல்ல, அசதி. பொழுது சாயும்போது நோயாளிக்குப் பதற்றம் கூடுவதும், நள்ளிரவில் எழுந்து நடப்பதும் இந்நோயில் சகஜம். பார்த்துக்கொள்பவரின் தூக்கம் அங்கேதான் பறிபோகிறது.

வாதாடிப் பயனில்லை. "நான் எடுக்கலை" என்று மல்லுக்கு நிற்பதைவிட, "வாங்க அத்தை, சேர்ந்து தேடுவோம்" என்றால் இருவருக்கும் பாதிச் சூடு தணியும்.

தூக்கமின்மை, காரணமற்ற அழுகை, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416இல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

சொந்தபந்தங்களுக்கு

விருந்தாளி முன்னால் மறதி நோயாளி சிறிது நேரம் தெளிவாகப் பேசுவதுண்டு. அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே பேசுறாங்க, நீதான் பெருசுபடுத்துற" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். மாதக்கணக்கில் பட்ட பாட்டை அந்த ஒரு வாக்கியம் பொய்யாக்கிவிடுகிறது. ஆப்பிள் பழப் பையோடு வருவதற்குப் பதில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நான்கு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.