வாய்க்காலுக்கு வராத மழை

கிழக்கிலங்கையில் கடலில் விழும் மாதுறு ஓயா ஆற்றின் நீரேந்துப் பகுதி 1,541 சதுர கிலோமீட்டர். ஓராண்டில் அதன்மேல் விழும் மழை ஏறத்தாழ 3,060 மில்லியன் கனமீட்டர் என்றும், அதில் 26 சதவீதமே கடலைச் சேர்கிறது என்றும் நெடுங்காலமாக ஒரு கணக்குச் சொல்லப்படுகிறது. அப்படியானால் மிச்சம் 2,200 மில்லியனுக்கு மேல். 1980களில் மகாவலித் திட்டத்தின்கீழ் கட்டிய மாதுறு ஓயா நீர்த்தேக்கம் வான் பாயும்வரை நிறைந்தாலும் கொள்வது 600 மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. அதைப்போல நான்கு மடங்கை நெருங்கும் தண்ணீர் எங்கே போகிறது?

பெரும்பகுதி வந்த வழியே வானத்துக்குத்தான். மழை மண்ணில் ஊறுகிறது, வேர் உறிஞ்சுகிறது, இலை வழியே ஆவியாகிறது. கொஞ்சம் மண்ணிலிருந்தும் குளத்து நீர்ப்பரப்பிலிருந்தும் நேரே எழும்பிவிடுகிறது. இப்படி மண்ணில் ஈரமாக நின்று, பயிரையும் காட்டையும் வளர்த்துவிட்டுப் போகும் மழையைச் சுவீடனின் நீரியலறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் 1995இல் ‘பச்சை நீர்’ என்று தனியே பிரித்துக் காட்டினார். ஆறு, குளம், கிணறு எல்லாம் நீல நீர். உலகத்தில் தரைமேல் பெய்யும் மழையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பச்சை வழியில்தான் செல்கிறது. மதகு வைத்துத் திறந்து மூட முடியாத நீர் என்பதால் நீர்ப்பாசனக் கூட்டங்களில் அதைப் பற்றிப் பேச்சு எழுவது அரிது.

வாகரையில் பேச வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரை அடங்கிய கோறளைப்பற்று வடக்குப் பிரதேசம் இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவில் கிடக்கிறது. தெற்கே கல்குடாப் பக்கம் கடலில் விழும் மாதுறு ஓயா, வடக்கே மகாவலியின் கிளையான வெருகல் ஆறு. இடையில் இருப்பவை மாரியில் ஓடிக் களப்புகளில் கலந்துவிடும் சிற்றாறுகள். கரையோரம் நெடுக மணல். பெரிய அணைகளின் வாய்க்கால் எட்டாத காணிகளில் மானாவாரி நெல், சோளம், கச்சான், சேனைப்பயிர். மட்டக்களப்புக் கரையில் ஆண்டு மழை 1,700 மில்லிமீட்டர் அளவு. அதில் பாதிக்கு மேல் நவம்பர் முதல் ஜனவரி வரையான மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். 2011 ஜனவரி போல ஊரையே மூழ்கடித்த மாரியும் உண்டு. பிறகு ஆனி, ஆடியில் மலை தாண்டி இறங்கும் கச்சான் காற்று மிச்ச ஈரத்தையும் வாங்கிக்கொண்டு போகும்.

மணல், பயிர் எடுக்கக்கூடிய ஈரத்தை ஒரு மீட்டர் ஆழத்துக்கு 60 மில்லிமீட்டர் அளவில் பிடித்து வைக்கும். களி கலந்த மண் 150 மில்லிமீட்டர்வரை வைத்திருக்கும். வெயில் நாளில் வளர்ந்த பயிர் நாளுக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கிறது. அரை மீட்டர் வேரோடிய பயிருக்கு மணலில் ஆறு நாள் ஈரம், களிமண்ணில் பதினைந்து நாள். வாட்டம் அதற்கும் முன்பே தொடங்கிவிடும். விதைத்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருப்பவருக்கு ஆண்டு மொத்த மழையைவிட இந்த நாள் கணக்குத்தான் உதவும்.

ஒவ்வொரு காணியிலும் தோண்டிப் பார்க்க முடியாது; அதற்காகத்தான் நீரியல் மாதிரிகள். அவற்றில் பரவலாகப் பயன்படுவது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் ஜெஃப் அர்னால்டும் சகாக்களும் 1990களில் உருவாக்கிய ‘ஸ்வாட்’. நில உயரத் தரவை வைத்து வடிநிலத்தை அது சிறு வடிநிலங்களாக வெட்டும். பிறகு ஒரே மண், ஒரே நிலப்பயன்பாடு, ஒரே சரிவு உள்ள துண்டுகளாகப் பிரிக்கும். பெய்தது, மேலாக ஓடியது, ஆழத்துக்கு இறங்கியது, ஆவியானது, மண்ணில் நின்றது என்று துண்டுதோறும் நாள்தோறும் வரவு செலவு எழுதும். முப்பது ஆண்டு மழைப் பதிவைக் கொடுத்தால் முப்பது ஆண்டுக்கும் எழுதிவிடும்.

எழுதியது சரியா என்று பார்க்கும் விதத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. வழக்கமாக ஆற்றில் அளந்த ஓட்டத்தோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால் மாதிரி தேறியது. ஆனால் அந்தப் பொருத்தம் நீல நீருக்கு மட்டுமே சாட்சி. பச்சை நீர் அங்கே கழித்து வந்த மிச்சம். மண்ணின் கொள்ளளவை ஒரு பக்கம் கூட்டி, ஆழத்துக்கு இறங்குவதை இன்னொரு பக்கம் குறைத்தாலும் ஆற்றில் அதே ஓட்டம் வரக்கூடும், மண்ணில் நிற்கும் ஈரமோ வேறாகிவிடும். செய்மதிகள் ஓரளவு கைகொடுக்கின்றன. செய்மதிகளில் உள்ள மோடிஸ் உணரியின் தரவிலிருந்து எட்டு நாளுக்கொருமுறை ஆவியாதல் கணிப்புக் கிடைக்கிறது. 2015இல் நாசா ஏவிய ஸ்மாப் மண் ஈரத்தைப் பார்க்கிறது, அதுவும் மேல் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு. அதன் ஒரு சதுரம் பல கிலோமீட்டர் அகலம். வாகரையின் பனிச்சங்கேணிக் களப்பும் பக்கத்துக் கச்சான் காணியும் ஒன்றாகவே அதில் விழும்.

மாதுறு ஓயாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. உல்ஹிட்டிய-ரத்கிந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுரங்கம் வழியாக மகாவலி நீர் இங்கே வருகிறது. அது வயலில் ஆவியாகும்போது மழைநீரா வாய்க்கால் நீரா என்று செய்மதிக்குத் தெரியாது. எனவே மாதிரியைப் பாசனத்தோடு ஒருமுறை, பாசனம் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பாசனம் இல்லாதபோது ஆவியாவது பச்சை, கூடுதலாக வருவது நீலம். வாகரைச் சிற்றாறுகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் 2007 வரை போர் நடந்த நிலத்தில் இடைவெளியில்லாத அளவீட்டுப் பதிவை எதிர்பார்க்க முடியாது.

காடு வெட்டினால் ஆற்றோட்டம் பொதுவாகக் கூடும். நீல நீரை மட்டும் எண்ணுபவருக்கு அது லாபமாகத் தெரியும்; பச்சை நீரில் குறைந்தது கணக்கில் வராது. மேய்ச்சல் தரையிலும் இதே கதைதான். மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் போராட்டம் தொடங்கியபோது பேச்சு காணியைச் சுற்றியே இருந்தது. மாட்டுக்கு அந்தக் காணி பெறுமதியாவது புல்லுக்கு மண்ணில் நிற்கும் ஈரத்தால்.

வாகரையில் தொடங்கப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. மணல், களி, காடு என நாலைந்து இடத்தில் வேர் போகும் ஆழத்துக்கு ஈர உணரிகளும் பக்கத்தில் மழைமானிகளும் போதும். புரட்டாதியில் பதித்துவிட்டால், பெரும்போகம் முடியும்போது மாதிரி சொல்லும் எண்ணோடு ஒப்பிட மண்ணிலேயே அளந்த எண் இருக்கும்.