வானத்தில் ஒரு வேலை – 17: முதலில் இடது இருக்கை

தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து பாளையங்கோட்டை சாலையில் மேற்கே போனால் வாகைக்குளம் விமான நிலையம். அதன் ஓடுபாதை நெடுங்காலம் 1,350 மீட்டர்தான். அந்த நீளத்துக்குள் இறங்கி ஏறக்கூடியவை ஏடிஆர், கியூ400 போன்ற புரொப்பல்லர் விமானங்கள்தான். எழுபது எண்பது பேர் ஏறும் அந்தச் சின்ன விமானங்கள்தாம் தூத்துக்குடியைச் சென்னையோடு சேர்த்து வைத்திருந்தன. 2025 ஜூலை 26 அன்று பிரதமர் புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். ஏர்பஸ் ஏ320 இறங்கவும் இடம் வந்துவிட்டது.

சின்ன விமானம் ஓட்டும் பிள்ளைகளை, “ஏல, பெரிய பிளேன எப்பம்ல ஓட்டப் போற?” என்று மாமாமார் கேட்பது பாசத்தில்தான். ஆனால் அலையன்ஸ் ஏர், ஃப்ளை91 போன்ற பிராந்திய நிறுவனங்களில் ஏடிஆர் ஓட்டுபவருக்கு அது வாழ்க்கைக் கணக்கு. பயிற்சிச் செலவைச் சென்ற வாரம் பார்த்தோம். பெரிய நிறுவனத்துக்கு எப்போது மாறுவது என்ற இந்தக் கணக்கை இந்த வாரம் பார்ப்போம்.

அமெரிக்காவில் இதற்கு விடை எளிது. அங்கே பெரிய நிறுவனங்களில் சீனியாரிட்டிதான் எல்லாம். எந்த விமானம், எந்த ஊர், எந்த நாள் விடுமுறை, எப்போது கேப்டன் என அனைத்தும் வேலைக்குச் சேர்ந்த தேதியைப் பொறுத்தவை. ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே போக வேண்டும். அதனால் பிராந்திய நிறுவனப் பைலட்டுகள் வாய்ப்பு வந்தவுடன் அங்கே கிளம்பிவிடுகிறார்கள்.

நம் நாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே பெரிய நிறுவனங்களும் கவிழ்ந்திருக்கின்றன. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019இல், கோ ஃபர்ஸ்ட் 2023இல். கிங்ஃபிஷரிலும் ஜெட்டிலும் பைலட்டுகள் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவித்தார்கள். சின்ன நிறுவனங்களும் நிலைக்கவில்லை. மதுரைத் தொழில் குழுமம் ஒன்று தொடங்கிய பாரமவுண்ட் 2010இல் நின்றது, கோவையின் ஏர் கார்னிவல் 2017இல், ட்ரூஜெட் 2022இல். நிறுவனம் மூடியதும் சீனியாரிட்டி போய்விட்டது. லாக்புக்கில் ஏறிய மணிகள்தாம் கையில் மிஞ்சின.

அதனால் நான் சொல்வது இதுதான்: கேப்டன் பதவி எட்டும் தூரத்தில் இருந்தால், அந்த இடது இருக்கையில் உட்கார்ந்துவிட்டு மாறுங்கள். அதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். பிராந்தியத் தடங்களில் குறுகிய ஓடுபாதை, பருவமழைக் குறுக்குக்காற்று, ஒரே நாளில் பல முறை ஏறி இறங்குவது எல்லாம் உண்டு. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டலுக்குக் கடல் பழகியிருப்பதுபோல, அங்கே முடிவெடுத்துத் தேர்ந்த கேப்டனுக்கு வானம் பழகியிருக்கும். துணை விமானியாகவே மாறினால் ஏ320க்குப் புதிதாக டைப் ரேட்டிங், சிமுலேட்டர் தேர்வு, பாண்டு எல்லாம் முடித்து, அங்கேயும் வலது இருக்கையில் வரிசையின் கடைசியில் காத்திருக்க வேண்டும்.

இதற்கு விலக்கும் உண்டு. சம்பளம் தள்ளிப்போகிறது, உதிரிபாகம் இல்லாமல் விமானங்கள் நிற்கின்றன, மாதாமாதம் பறக்கும் மணிகள் குறைகின்றன என்றால் பதவிக்காகக் காத்திருக்காதீர்கள். பறக்காத நிறுவனத்தில் யாரும் கேப்டன் ஆக முடியாது.

எப்போது போனாலும் முறையாகப் போங்கள். 2017இல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வகுத்த விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டு நோட்டீஸ், துணை விமானிக்கு ஆறு மாதம். 2023இல் ஆகாசா ஏரில் 43 பைலட்டுகள் அந்தக் காலத்தை முடிக்காமல் விலகியதால் விமானங்கள் ரத்தாகி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பெருநகரத்தில் ஒரு விமானம் ரத்தானால் அடுத்த விமானம் இருக்கும். வாகைக்குளம் போன்ற நிலையத்தில், மருத்துவத்துக்காகச் சென்னைக்குக் கிளம்பியவரின் அன்றைய பயணமே போய்விடும்.

ஓராண்டு நோட்டீஸ் மட்டும் ஒரு பைலட்டை மனமுவந்து இருக்கவைக்காது. எந்த மாதம் கேப்டன் பயிற்சி, எந்தத் தேதியில் சம்பளம் என்று பிராந்திய நிறுவனங்கள் எழுத்தில் தரட்டும். அந்த இரண்டு வாக்கையும் காப்பாற்றும் நிறுவனத்தில் தாராளமாக இருக்கலாம்.

(அடுத்த வாரம்: பணி நேர விதிகளும் 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தானதும்)