பஞ்சப்படி இல்லாத வீடுகள்

திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடிப் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்குப் 'பஞ்சப்படி' என்னும் சொல்லை நாம் விளக்கத் தேவையில்லை. அரசாணைகள் அதனை அகவிலைப்படி என்று குறிக்கின்றன. எனினும் தொழிற்சாலை வாயிலிலும் ரயில் பெட்டியிலும் நெடுங்காலம் வழங்கிய பெயர் பஞ்சப்படிதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, கூலியோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய படி அது. போர் முடிந்தபின் மறைந்திருக்க வேண்டும். விலைவாசி இறங்கவில்லையாதலால் அதுவும் மறையவில்லை.

உலகின் எங்கோ மூலையில் எழும் துன்பம் நம் வீட்டு உலையை எவ்வாறு வந்து தொடுகிறது என்பதை அறிய, 1970களைத் திரும்பிப் பார்த்தாலே போதும். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். அவ்வாண்டு நவம்பர் முதல் கடிதங்களில் 5 காசு அகதிகள் நிவாரணத் தலையையும் சேர்த்து ஒட்ட வேண்டியிருந்தது. மறு ஆண்டில் பருவமழை பொய்த்தது. 1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டு, சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1974-75ஆம் ஆண்டில் நாட்டின் மொத்தவிலை மட்டும் 25 விழுக்காடு உயர்ந்தது. மண்ணெண்ணெய் டின்னுடன் வரிசையில் நின்ற தாய்மாருக்கு மேற்காசியாவின் எல்லைத் தகராறு தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே.

அந்நிலையில்தான் 1974 மே 8ஆம் நாள் நாடெங்கும் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ், இளமையில் குருத்துவப் பயிற்சிக்காகப் பெங்களூர் குருமடத்தில் சேர்ந்து, பின்னர் வெளியேறியவர் என்பது நம் வாசகர் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். விலை ஏறும் அளவுக்குப் பஞ்சப்படியும் ஏற வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். பல இடங்களில் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து பெண்டு பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். மே 27ஆம் நாள் போராட்டம் கைவிடப்பட்டது. ஜூலையில் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. ஊதிய உயர்வு முழுவதும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியும் கட்டாய வைப்பாக நிறுத்தி வைக்கப்படும் என்றது அச்சட்டம். மக்கள் கையில் பணம் குறைந்தால் விலை தணியும் என்பது அரசின் வாதம். பொருளாதார ஏட்டில் அது சரியாகவே இருக்கலாம். பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகளின் புத்தகத்துக்கும் சீருடைக்கும் பணம் தேடும் பருவத்தில் அதை ஏற்பது எளிதாக இருந்திருக்காது. பணம் பிற்பாடு தவணைகளாகத் திரும்பி வந்தது.

2020இல் கொரோனாத் தொற்றின்போது இதனையொத்த ஒன்று நிகழ்ந்தது. நடுவண் அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் ஜனவரியிலிருந்து மூன்று தவணை உயர்வு முடக்கப்பட்டது. 2021 ஜூலையில் உயர்வு மீண்டும் வந்தது. இடைப்பட்ட 18 மாத நிலுவை தரப்படவில்லை.

இத்தனை குறைகள் இருந்தும், பஞ்சப்படி ஒரு குடை. மழை பலமாக அடித்தால் தோள் நனையும், தலை நனையாது. நாம் இங்குப் பேச விரும்புவது அக்குடை இல்லாதவரைப் பற்றியே.

கையில் பொருளில்லாமல் தம் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். அங்குள்ள இருதயாலீசுவரர் கோயில் அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது. சென்னைக்குள் மனை வாங்கவோ வாடகை கொடுக்கவோ இயலாத குடும்பங்கள், பிற்காலத்தில் ரயில் பாதையை ஒட்டி மேற்கு நோக்கி நகர்ந்து இவ்வூரை வந்தடைந்தன. மனத்தில் கோயில் கட்டலாம். மனத்தில் உலை ஏற்ற இயலாதே! 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இவ்விரண்டு இடங்களிலும் உழைத்து ஓய்ந்த இருவர் குடியிருக்கக் காண்கிறோம். ஊர்தித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்ந்த மூத்தவருக்கு நடுவண் அரசின் ஓய்வூதியம். விலை ஏறினால் ஆண்டுக்கு இருமுறை அதுவும் ஏறுகிறது. தனியார் நிறுவனத்தில் அதே முப்பது ஆண்டு இயந்திரத்தின் முன் நின்றவருக்கு வருவது 1995ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத் திட்டத் தொகை. அதற்குப் பஞ்சப்படி கிடையாது. 2014 செப்டம்பரில் அதன் குறைந்தபட்ச அளவு மாதம் 1,000 ரூபாய் என்று உறுதி செய்யப்பட்டது. பத்தாண்டுகள் கடந்தபின்னும் அந்த ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. இருவரும் மருந்து வாங்கும் கடை ஒன்றே; விலையும் ஒன்றே.

ஒப்பந்தத் தொழிலாளருக்கு, குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் அகவிலைப்படி ஏட்டளவில் உண்டு. அது கைக்கு வந்து சேர்கிறதா என்பதைச் சம்பள நாளன்று அவர்களைக் கேட்டால் தெரியும். தள்ளுவண்டிக்காரருக்கு ஏட்டிலும் இல்லை.

பஞ்சப்படியின் அளவைச் சொல்வது சிம்லாவிலுள்ள நடுவண் அரசின் தொழிலாளர் செயலகம் கணிக்கும் விலைவாசிக் குறியீட்டெண். 2001ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்கில் உணவுக்கு 46 விழுக்காடு இடமிருந்தது. 2016 அடிப்படையில் அது 39 ஆகக் குறைந்தது. சராசரிக் குடும்பம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வாடகைக்கும் கூடுதலாகச் செலவிடுவதால் இம்மாற்றம். ஆனால் கூலிக்காரர் வீட்டில் வருவாயில் பெரும்பங்கு இன்றும் வயிற்றுக்கே போகிறது. அரிசியும் எண்ணெயும் ஏறும்போது அவர் படும் துன்பம் எந்தக் குறியீட்டெண்ணிலும் முழுதாக விழுவதில்லை.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு நம்முடையது. 2023 மார்ச்சில் சென்னையில் 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளை 1,118 ரூபாய் 50 காசுக்கு விற்றது. அக்காலத்தில் நம் மாநிலத்து ஏழைக் குடும்பங்களைத் தாங்கி நின்றது நியாய விலைக் கடை என்பதை மனமுவந்து சொல்ல வேண்டும். 1997இல் பல மாநிலங்கள் பயனாளிகளைப் பிரித்தபோதும் தமிழகம் அனைவருக்குமான வழங்கலைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கொடுக்கப்பட்டன. அரிசியின் தரத்தைப் பழிப்பவர்கள், அதை உண்ண வேண்டிய தேவை இல்லாதவர்களாகவே பெரும்பாலும் இருப்பதையும் பார்க்கிறோம்.

அரிசி இருந்தும் வீட்டில் எது குறைகிறது? முதலில் ஞாயிறு மீன் முட்டையாகிறது. பின்பு பால் அரை லிட்டராகிறது. அதன்பின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. ஆண்டவனுக்குப் பயந்த குடும்பம் என்றாலும் இந்த வரிசை மாறுவதில்லை. எல்லாருக்கும் பரிமாறி முடித்தபின் பானையின் அடியில் எஞ்சியதே தாயின் உணவு. "எனக்குப் பசியில்லை" என்னும் அவள் சொல்லை எத்தனை கணவர்கள் உண்மையென நம்பிவிடுகிறார்கள்! கல்லூரிக் கட்டணம் ஒருவருக்குத்தான் கட்ட முடியும் என்ற நிலை வந்தால், நிறுத்தப்படுவது பெரும்பாலும் மகளின் படிப்பு. இவை விலைவாசியின் விளைவுகள் மட்டும் அல்ல. வீட்டுக்குள் நாமே செய்யும் தீர்ப்புகள்.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல், சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கப் போதாத கூலி, அவன் சம்மதித்தே பெற்றதாயினும், நீதியான கூலி ஆகாது என்று உரைத்தது. முதலாளிகளுக்குச் சொல்லப்பட்ட போதனை என்று நாம் அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வருகிறோம். வீட்டுக்கு வந்தால் நாமும் முதலாளிகளே. தமிழக அரசு 2007இல் வீட்டுப் பணியாளருக்கு நல வாரியம் அமைத்தது. வாரியத்தில் பதிவு செய்துகொள்ளும்படி தம் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் சொன்னவர் நம்முள் எத்தனை பேர்?

பங்குகளில் பிடியரிசி சேர்த்தலும், வின்சென்ட் தே பவுல் சபையாரின் உதவியும் நல்லவை. அவை தொடரட்டும். ஆயினும் உழைப்பவருக்கு உரியது பிடியரிசியாக அன்றிக் கூலியாகவே போய்ச் சேர்வதுதான் முறை. நடுவண் அரசு ஊழியருக்கு 2024 ஜனவரி முதல் பஞ்சப்படி 4 விழுக்காடு உயர்ந்து 50 ஆயிற்று. வீட்டு வேலைக்கு வருபவர் மாதம் 3,000 ரூபாய் பெற்றால், அதே 4 விழுக்காடு 120 ரூபாய்; அன்று ஏறத்தாழ ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் விலை.