பழைய ஒலிப்பெட்டிகளின் கரகரப்பும் அதை நீக்கும் முறையும்

சென்னையில் 1938-ஆம் வருஷத்திலும் திருச்சிராப்பள்ளியில் 1939-ஆம் வருஷத்திலும் அகில இந்திய ரேடியோ நிலையங்கள் ஏற்பட்டன. அதன் பின்னர் ரேடியோப் பெட்டியும், கூட்டங்களுக்கு வேண்டிய ஆம்ப்ளிபையரும் கிராமங்களுக்குப் பழக்கமாயின. அவற்றுள் எஞ்சியவை பல இன்று மூலையில் கிடக்கின்றன. சப்தத்தைக் கூட்டக் குமிழைத் திருகினால் கரகரவென்று இரைகிறது. சில சமயம் சப்தமே நின்றுவிடுகிறது. பெட்டி பழுதாய்விட்டதென்று கருதி அதைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இக்கோளாறு பெரும்பாலும் அழுக்கினால் உண்டாவதே; சிறு செலவில் தீரக்கூடியது.

காரணம்

குமிழுக்குப் பின்னால் லாட வடிவமான கரிப்பூச்சுப் பட்டையொன்று இருக்கிறது. அதன்மேல் ஓர் உலோக நாக்கு நகர்கிறது. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்தே சப்தம் கூடுவதும் குறைவதும். தூசியும் உலர்ந்த கிரீஸும் தேய்ந்த கரித்தூளும் இடையே சேர்ந்தால், நாக்கு தொட்டும் தொடாமலும் ஓடுகிறது. அந்தத் தடங்கலே பெருகி இரைச்சலாகிறது. சுவிட்சுகளின் வெள்ளித் தொடுமுனைகளோ, காற்றிலுள்ள கந்தகக் கலப்பினால், வெள்ளிப் பாத்திரம் கறுப்பது போலவே கறுத்துப்போகின்றன.

எச்சரிக்கை

வேலை தொடங்குமுன் பிளக்கைக் கழற்றிவிடவேண்டும். வால்வுப் பெட்டிகளில் 250 வோல்ட்டும் அதற்கு மேலும் இருப்பதுண்டு. பிளக்கை எடுத்த பின்னும் கண்டென்ஸர்களில் மின்சாரம் தங்கி நிற்கும். டிரான்ஸ்பார்மரின்றி ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் பழைய பெட்டிகளில் உள்ளிருக்கும் தகட்டுச் சட்டமே மின்கம்பியுடன் நேராகச் சேர்ந்திருக்கும். அதைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. ஆகையால் வால்வுப் பெட்டியைத் திறக்கும் வேலையை, தொழில் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே உசிதம்.

சுத்தம் செய்யும் முறை

முதலில் பெட்டியைத் திறவாமலே, குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை 20, 30 முறை திருகிப் பார்க்கவேண்டும். இலேசான அழுக்கு இதனாலேயே விலகும். விலகாவிடில், மின்சாதனங்களுக்கென்று செய்யப்பட்ட கான்டாக்ட் கிளீனரை வாங்கவேண்டும். பிளாஸ்டிக்குக்கும் கரிப்பட்டைக்கும் தீங்கு செய்யாததென்று அதன்மேல் குறித்திருத்தல் அவசியம். முழுவதும் உலர்ந்துபோகும் திரவம் உள்ளிருக்கும் கிரீஸையும் கழுவிவிடுமாதலால், சிறிது மசகு விட்டுச்செல்லும் வகையே குமிழுக்கு நல்லது.

குமிழின் பின்புறம், கம்பிகள் சேருமிடத்தருகில் சிறு இடைவெளி இருக்கும். அதில் மெல்லிய குழாய் வழியாகச் சிறிதளவு செலுத்தி, உடனே 20 முறை திருகவேண்டும். சுவிட்சுக்கும் இவ்வாறே செலுத்தி, எல்லா நிலைகளிலும் மாற்றி மாற்றித் திருப்பவேண்டும். இத்திரவங்களிற் பல தீப்பற்றக்கூடியவை. ஆகவே அருகில் விளக்கோ பீடியோ கூடாது. நன்றாய் உலர்ந்த பின்னரே பிளக்கைப் போடவேண்டும்.

செய்யத் தகாதவை

மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், கதவுக் கீலுக்கு விடும் எண்ணெய் ஆகியவற்றை விடலாகாது. அவை முதலில் குணம் காட்டினாலும், தூசியை இழுத்துப் பின்னர் இரைச்சலை அதிகப்படுத்தும். உப்புத்தாளால் தேய்த்தால் மெல்லிய வெள்ளி முலாமும் கரிப்பூச்சும் போய்விடும். கைக்கு எட்டும் தொடுமுனைகளுக்கிடையே, திரவத்தில் நனைத்த வெறுங் காகிதத் துண்டை வைத்து மெதுவாக இழுத்தெடுத்தலே போதும்.

சுத்தம் செய்தும் இரைச்சல் தீராவிடில், கரிப்பட்டை தேய்ந்திருக்கலாம். அப்போது அதே அளவும் அதே வகையுமான புதிய கண்ட்ரோலை மாற்றவேண்டும். வால்வுப் பெட்டிகளில், பழைய கண்டென்ஸர் கசிந்து குமிழுக்கு நேர்மின்சாரத்தை அனுப்புவதும் உண்டு. அந்தக் கண்டென்ஸரை மாற்றாமல் எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

மகாசபையில் வரவு செலவு வாசிக்கும்போது பின்வரிசை அங்கத்தினரின் காதில் அது விழாவிடில், கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தும் இல்லாததே ஆகும். ஆகவே சங்கத்தார், ஆம்ப்ளிபையரை இருப்புப் பதிவேட்டிலிருந்து தள்ளுபடி செய்யுமுன், அதன் குமிழை ஒருமுறை சுத்தம் செய்து பார்ப்பார்களாக.