காயற்கரையில் ஒரு பழங்கடல்

சென்ற மாதத்து ஞாயிறொன்றில், நம் சங்கத்துக் குடும்பத்தினர் 23 பேர் கட்டுச்சோறும் கைவிளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஏந்தித் திருவனந்தபுரத்தினின்று காலை வண்டியேறிக் கொல்லம் சென்று, அங்கிருந்து குண்டறை வழியாகப் படப்பக்கரையை அடைந்தோம். வேலுத்தம்பி தளவாய் 1809ஆம் ஆண்டில் பறையறைந்த குண்டறையைப் பெரியோர் அறிவர். அதன் அருகே, அஷ்டமுடிக் காயலின் கரையில், மனித வரலாற்றுக்கும் முற்பட்ட சாசனம் ஒன்று திறந்து கிடப்பதைப் பலர் அறியார்.

கரைச் சரிவின் மேற்பகுதி, இவ்வூரார் வெட்டுக்கல் என வழங்கும் செம்புரைக்கல். கீழே, நீரையொட்டிச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் தோன்றுகிறது. கொல்லம் படிவு என்று நிலவியலார் கூறுவது இதனையே. மயோசீன் காலத்தின் முற்பகுதியில், ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், இவ்விடம் ஆழமற்ற வெப்பக் கடலாக இருந்தது. கடற்புல் அடர்ந்த அத்தரையில் நத்தையும் சிப்பியும் பவழமும் வாழ்ந்து மடிந்தன. அவற்றின் ஓடுகளைச் சேறு மூடியது, காலம் கல்லாக்கியது, கடல் விலகியது.

1840 முதல் 1860 வரை திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லன் இச்சுண்ணாம்புக்கல்லின்பால் அறிஞர் கவனத்தை ஈர்த்தார். 1882ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங், வர்க்கலை, கொல்லம் படிவுகளைப் பற்றி எழுதினார்.

முதலில் கிடைத்த "புதையல்" எங்களை நாணச் செய்தது. சிறுமி ஒருத்தி ஆரவாரத்துடன் நீட்டிய சிப்பியைக் கண்டு, மட்டி அள்ளிக்கொண்டிருந்த மூதாட்டி நகைத்து, "இது போன வாரத்துச் சிப்பி, மோளே!" என்றார். புதிய ஓடு மெல்லியது, பளபளப்புடையது. பழைய ஓடோ பாறையோடு ஒன்றிக் கனத்திருக்கும். இவ்வேறுபாட்டை அறிந்தபின் எங்கள் கண்கள் திறந்தன. சுருள் நத்தையின் வடிவும் சிப்பியின் வரிகளும் கல்லில் தென்பட்டன.

அப்போது ஒரு சிறுவன் பையினின்று சுத்தியலை எடுத்தான். "ஒன்று மட்டும்" என்று கெஞ்சினான். "குழந்தை ஆசைப்படுகிறான், ஒரு துண்டால் என்ன குறைந்துவிடும்?" என்றனர் எம்முள் சிலர். மற்றோர் இசையவில்லை. 23 பேரும் ஆளுக்கொன்று உடைத்தால், பின்வரும் குழுவும் அவ்வாறே செய்தால், சில அடி உயரமேயுள்ள இவ்வடுக்கில் எஞ்சுவது யாது? ஓர் ஓடு எந்த அடுக்கில், எவற்றின் நடுவே கிடந்தது என்பதே அதன் வரலாறு. பெயர்த்தெடுத்தபின் அது வெறும் கல். சுத்தியல் பைக்குள் சென்றது. சிறுவன் முகம் வாடி, நெடுநேரம் எவருடனும் பேசவில்லை.

அவன் சினத்தைத் தணித்தது உருப்பெருக்கிக் கண்ணாடியே. கல்லின்மேல் அதனை வைத்துப் பார்த்தவன், "பொட்டுப் போன்ற வட்டங்கள்!" என்று கூவினான். போராமினிபெரா எனப்படும் ஓரணு உயிர்களின் கூடுகள் அவை. மாலைக்குள் நான்கு பக்கங்களில் அவற்றை வரைந்துவிட்டான். அப்படங்களைச் சங்க நூலகத்தில் காணலாம்.

செல்ல விழைவோர் காயல்நீர் வற்றும் வேளையை விசாரித்துச் செல்க. நீண்டகரையில் கடலோடு கலக்கும் காயலாதலின், ஓதம் ஏறினால் கீழடுக்கு மறையும். சரிவின் அடியில் அமராதீர். மழைக்காலத்தைத் தவிர்ப்பீர். தனியார் நிலமாயின் உரியவரிடம் இசைவு பெறுவீர்.

திரும்பும் வண்டியில் அச்சிறுவன், "நாம் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் என்று பள்ளியில் சொல்கிறார்களே, இங்கே முதலிலிருந்தே இருப்பவர்கள் யார்?" என்று கேட்டான். அவனுடைய பாட்டனார் சற்றுச் சிந்தித்து, "நீ வரைந்தாயே, அவைகூட இடம் பெயர்ந்த கடலோடு வந்தவைதாம்" என்றார். அவன் ஏட்டை மீண்டும் திறந்து, படத்தின் கீழ் ஊர்ப்பெயரையும் நாளையும் எழுதிக்கொண்டான்.