கர்ப்பிணிகளும் நீரிழிவும்: உணவு முறையே முதல் மருந்து

நாற்றங்காலில் நேர்ந்த குறை அறுவடையிலே தெரியும் என்பதை உழவர்களுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. மக்கட் பேற்றுக்கும் இது பொருந்தும். கருவுற்ற காலத்தில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுமாயின், அதன் விளைவைத் தாயும் சேயும் பல ஆண்டுகள் சுமக்க நேரிடலாம்.

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடல் பயன்படுத்தத் துணைசெய்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியில் உண்டாகும் சுரப்பு நீர்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. இதனை ஈடுசெய்யுமளவு இன்சுலின் சுரக்காத தாய்மார்களுக்கு நீரிழிவு தோன்றுகிறது. மிகுந்த சர்க்கரை குழந்தையையும் சென்றடைவதால், அது அளவுக்கு மீறிப் பருக்கக்கூடும், பிரசவம் கடினமாகும். பிறந்தவுடன் குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைவதும் உண்டு.

இந்நோய்க்குப் பெரும்பாலும் வெளி அடையாளம் இல்லை. ஆகவே பரிசோதனை ஒன்றே வழி. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர். தமிழ்நாடு அரசு 2007ஆம் ஆண்டிலேயே கர்ப்பிணிகள் அனைவருக்கும் இப்பரிசோதனையை ஏற்பாடு செய்தது. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துப் பருகச் செய்து, 2 மணி நேரங் கழித்து இரத்தம் சோதிக்கப்படும். வெறும் வயிற்றுடன் வர வேண்டிய கட்டாயமில்லை. சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலிருப்பின் நீரிழிவு எனக் கொள்வர். முதல் வருகையில் ஒருமுறையும், அதில் குறையில்லையெனின் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் சோதிக்க வேண்டும்.

நோய் கண்டால் அஞ்ச வேண்டா. முதல் இரண்டு வாரங்கள் உணவு முறையே மருந்து. "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று சோற்றைக் குவிப்பது தவறு. பட்டினி கிடப்பதும் தவறு. மூன்று வேளை உணவும் இடையிடையே சிற்றுணவும் கொள்க. காலையில் சர்க்கரை எளிதில் ஏறுவதால், நான்கு இட்டிலி உண்பவர் இரண்டை முதலிலும், இரண்டை இரண்டு மணி நேரங் கழித்தும் உண்ணலாம். சோற்றை அளந்து வைத்து, கீரை, அவரை, கத்தரி, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர் இவற்றைக் கூட்டுக. கேழ்வரகு நல்ல தானியமே; எனினும் கூழாகக் கரைத்து மிகுதியாகக் குடித்தால் சர்க்கரை ஏறும். வெல்லம், தேன், பழச்சாறு ஆகியனவும் சர்க்கரையே. சத்துமாவிலும் வெல்லம் சேர்வதால், அதன் அளவைச் செவிலியரிடம் கேட்டறிக. மருத்துவர் தடை சொல்லாவிடில் நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பது நலம்.

இரண்டு வாரங்களுக்குப் பின், உணவு உண்ட 2 மணி நேரத்தில் சர்க்கரை 120க்குக் கீழ் வராவிடில் மருத்துவர் மாத்திரையோ இன்சுலினோ தருவார். இன்சுலின் குழந்தைக்குக் கேடு என்பது வீண் அச்சம். மருந்து எடுப்பவருக்கு நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மகப்பேற்றுக்குப் பின் சர்க்கரை பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பும். ஆயினும் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு இத்தாய்மார்களுக்கு மிகுதி. ஆதலின் ஆறாம் வாரத்திலும், பின்னர் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

புதுவை மூலக்குளம் வட்டாரத்தாருக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள இராஜீவ் காந்தி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. தொலைவிலுள்ள சிற்றூர்களிலோ நடவு நாளில் கூலியை விட்டு வர இயலாமல் பரிசோதனையைத் தவறவிடும் தாய்மார் உண்டு. பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராம சுகாதாரச் செவிலியருடன் கலந்து, தம் ஊர்க் கர்ப்பிணிகளுள் எவர் இரண்டாம் சோதனை செய்யவில்லை என்று மாதந்தோறும் கேட்டறிதல் வேண்டும். வீட்டுக் கொல்லையில் முருங்கையும் கீரையும் வளர ஊக்குவிக்கலாம். கணவரும் மாமியாரும் அதே உணவை உடனுண்டால், கர்ப்பிணிக்குப் பத்தியம் பாரமாகாது. ஊரார் ஒத்துழைத்தால் வருங்காலத் தலைமுறை நோயற்று வாழ வழி பிறக்கும்.