மேடை மைக்கை வீட்டு வீடியோ கேமராவில் இணைப்பது எப்படி?

தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டி, ஆலயத் திருவிழா, தாத்தாவின் 80ஆம் பிறந்தநாள் என்று பல நிகழ்வுகளை இன்று நாமே வீடியோ எடுக்கிறோம். படம் தெளிவாக இருக்கும். பேச்சோ மின்விசிறி இரைச்சலிலும் மண்டபத்து எதிரொலியிலும் அமுங்கிப் போயிருக்கும். கேமராவிலேயே உள்ள மைக், பேசுபவரிடமிருந்து பல அடி தள்ளி இருப்பதே காரணம். மேடை மைக் ஒன்றை அவர் அருகில் வைத்துக் கேமராவுடன் இணைத்தால் இக்குறை தீரும். ஆனால், அதில் சில சிக்கல்கள் உண்டு.

முதலில் உங்கள் கேமராவில் 3.5 மி.மீ. மைக் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மேடை மைக்கின் கேபிள் முனையோ மூன்று பின்கள் கொண்ட எக்ஸ்எல்ஆர் வகை. இதில் பின் 1 தரை இணைப்பு. பின் 2, பின் 3 இரண்டும் ஒரே ஒலியை நேரெதிராகக் கொண்டு செல்கின்றன. நீண்ட கேபிளில் இரைச்சல் சேராமல் இருப்பதற்கான ஏற்பாடு இது.

கேமராவின் துளை ஸ்டீரியோ வகை. இடப் பக்க ஒலிக்கு ஒன்று, வலப் பக்க ஒலிக்கு ஒன்று என இரு இணைப்புகள். தவறான கேபிளை வாங்கினால் பின் 2 இடப் பக்கத்திற்கும் பின் 3 வலப் பக்கத்திற்கும் போய்விடும். ஹெட்போனில் கேட்டால் குரல் இருக்கும். அதே வீடியோவை ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைப்பேசியில் போட்டால், நேரெதிரான இரு ஒலிகளும் ஒன்றையொன்று அழித்து, குரலே காணாமல் போகும்! பின் 2 இரு பக்கங்களுக்கும், பின் 1, பின் 3 இரண்டும் தரைக்கும் இணைக்கப்பட்ட கேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மின்சாரம். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குகளுக்கு மின்சாரம் தேவையில்லை. கண்டென்சர் மைக்குகள் பலவற்றுக்கு 48 வோல்ட் ‘பேண்டம் பவர்’ வேண்டும். கேமராவின் துளை தருவதோ சில வோல்ட் மட்டுமே. ஆகவே, வெறும் கேபிளுக்கு டைனமிக் மைக்கே ஏற்றது.

செலவிட முடிந்தால், கேமராவின் அடியில் திருகிப் பொருத்தும் எக்ஸ்எல்ஆர் அடாப்டர் பெட்டியை வாங்கலாம். அது ஒலியை முறையாக மாற்றித் தருவதோடு, கேமராவிலிருந்து வரும் மின்னழுத்தம் மைக்கிற்குப் போகாமலும் தடுக்கும். பேண்டம் பவர் எல்லாப் பெட்டிகளிலும் கிடையாது, கேட்டு வாங்குங்கள். கேபிளோ பெட்டியோ, நீண்ட தூரத்தை எக்ஸ்எல்ஆர் கேபிளே கடக்கட்டும். கேமராவின் அருகில் மட்டும் 3.5 மி.மீ. முனைக்கு மாறுங்கள்.

மண்டபத்து மிக்சரிலிருந்து நேராக ஒலி எடுப்பவர்கள் கவனிக்க: மிக்சரின் ‘லைன்’ ஒலி, மைக் ஒலியைவிடப் பன்மடங்கு வலுவானது. அதை அப்படியே மைக் துளைக்குள் விட்டால் குரல் கரகரவென்று சிதையும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. இடையில் ஒலியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கேபிள் தேவை.

பேச்சு நின்றதும் இரைச்சல் எழுந்து வருகிறதா? கேமரா தானாகவே ஒலியளவைக் கூட்டுகிறது என்று பொருள். வசதி இருந்தால் ஒலியளவைக் கையால் அமைக்கும் முறைக்கு மாற்றி, உரத்த குரலுக்கும் சற்று இடம் விட்டு வையுங்கள்.

கேமராவில் மைக் துளையே இல்லையென்றால், எக்ஸ்எல்ஆர் துளையுள்ள சிறு ஒலிப்பதிவுக் கருவியில் தனியாகப் பதியலாம். தொடக்கத்தில் கேமராவின் முன் ஒருமுறை கைதட்டினால், பின்னர் படத்தையும் ஒலியையும் பொருத்துவது எளிது.

எந்த வழியானாலும், நிகழ்வுக்கு முந்தைய நாளே ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனிலும் கைப்பேசி ஸ்பீக்கரிலும் கேட்டுப் பாருங்கள். தாத்தாவை இன்னொரு முறை அதே பேச்சைப் பேசச் சொல்ல முடியாதல்லவா?